பேட்டரி பூஜையில் இருக்கிறது

1995 அக்டோபர் 2, திங்கட்கிழமை. காந்தி ஜெயந்தியும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் வந்து விழுந்து, சம்பளக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு விடுமுறையைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்த நாள்.

எனக்குத் துக்கம் இல்லை. வழக்கம்போல் எழுந்தேன். திங்கட்கிழமை என்பதால் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். காபி, பேப்பர், சவரம், குளியல் — இதே வரிசையில். பிறகு என் மேஜையைத் துடைத்து சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், குறடு, திருப்புளி எல்லாவற்றையும் உயரப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியில் மட்டும் ஒரு பொட்டு. மின்சாரம் போகிற இடத்தில் சந்தனம் போகக்கூடாது. இது என் வீட்டு விதி.

என் மனைவி சரோஜாவுக்கு அந்த விதி பொருந்தாது. ஃபிரிட்ஜ், மிக்சி, டி.வி., இஸ்திரிப் பெட்டி... கண்ணில் பட்டதற்கெல்லாம் மூன்று விரல் பட்டை. நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் ராஜபாளையத்தில் அவள் தங்கை செல்வி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினோம். முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை. டிரைவருக்கு ரோடு தெரிந்ததா? தெரிந்திருக்க வேண்டும்... போய்ச் சேர்ந்தோமே.

செல்வியின் கணவர் குருசாமி — எனக்குச் சகலை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும்.

ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். மில் மூடிவிட்டது. கைக்கு வந்ததைக் கொண்டு குருசாமி ஒரு முட்டை பொரிக்கும் மிஷின் வாங்கினார். பீரோ உயரத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே தட்டுகளில் முட்டை. சூட்டுக்கு பல்புகள். அந்தச் சூட்டைப் பரப்ப ஒரு குட்டி ஃபேன். சூடு கூடினால் பல்பை அணைத்து, குறைந்தால் ஏற்றி, அடைக்கோழியின் பொறுப்பை வகிக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர். இருபுறமும் கால் முளைத்த கறுப்புப் பூரான் மாதிரி ஒரு சிப். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவன் சொந்தத்தில் ஒருத்தன் இருக்கும்போது அதை வெளியில் காசு கொடுத்து வாங்குவார்களா? நான்தான் செய்து கொடுத்தேன்.

முதல் அடையாக வைத்த முட்டைகள் — பாதியில் கரண்ட் போனது. யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் கூமுட்டை.

இரண்டாவது அடை — குடும்பத்தோடு தளவாய்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கரண்டும் அதே முகூர்த்தத்தில் கிளம்பிப் போனது. மறுபடி கூமுட்டை.

குருசாமியின் அப்பாவை எல்லோரும் பெரியவர் என்பார்கள். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“ஏலே, மூணாவது அடையும் போச்சுன்னா மிஷினை வித்துப்புட்டு உன் தம்பி பேண்டேஜ் கூடத்துல போயி உக்காரு. அவன் சொல்லுத வேலையப் பாரு.”

கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் பேண்டேஜ் துணி நெய்கிற அந்தக் கூடத்தில், தான் தூக்கி வளர்த்த தம்பி முதலாளியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அண்ணன் நின்றுகொண்டு துணிக்கட்டு எண்ணுவது... குருசாமி அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று செல்வி சொன்னாள்.

அதன் பிறகுதான் நான் பேட்டரியில் இறங்கினேன்.

ஒரு சின்ன சர்க்யூட்டுக்கு ரீசார்ஜ் பேட்டரி வைப்பது என்ன பெரிய வேலை? சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று. மதுரையில் கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார்.

முதலில் பென்சில் தடிமனில் நிக்கல்-காட்மியம் செல்கள். “நாலு போட்டா ஆறு வோல்ட் சார்” என்றார். நாலு போட்டேன். ஐந்துகூட வரவில்லை. டார்ச் லைட் செல்லுக்கு இருக்கிற வோல்ட் ரீசார்ஜ் செல்லுக்கு இல்லை என்பதை அவர் சொல்ல மறந்துவிட்டார். விற்கும்போது மட்டும் வரும் மறதி.

அடுத்து ஆறு வோல்ட் பேட்டரி. சிப்புக்குத் தேவை ஐந்து; கையில் ஆறு. போதாதா? போதாது. நடுவில் ரெகுலேட்டர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வோல்டேஜைச் சீராக்கிக் கொடுக்க அவருக்கே இரண்டு வோல்ட் படி அளக்க வேண்டும். ஆபீஸ்களில் ஃபைல் நகர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கும் வாசகர்களுக்கு இது உடனே புரியும். மிச்சத்தை வைத்துக்கொண்டு சிப் பிதற்றியது. ஒரு கணம் ஊட்டிக் குளிர் காட்டும். மறுகணம் இட்லிக் கொப்பரைச் சூடு.

கடைசியில் பன்னிரண்டு வோல்ட்டில் செங்கல் அளவு சீல் செய்த பேட்டரி. கரண்ட் இருக்கும்போது தானே சார்ஜ் ஆகும். நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் — கல்யாணப் பந்தியில் நம்மவர்களுக்கு வராத அந்தக் கலையை ஒரு சின்ன சர்க்யூட் வைத்துப் பழக்கினேன். கரண்ட் போனால் கண் இமைக்கும் முன் சிப்பும் டிஸ்ப்ளேயும் ஃபேனும் பேட்டரிக்கு மாறிவிடும். பஸ்ஸர் கத்தும்.

ஒன்றை மட்டும் குருசாமியிடம் தெளிவாகச் சொன்னேன். “பேட்டரியில் மூளைதான் ஓடும். அடுப்பு ஓடாது. பல்பு எரியாது. பஸ்ஸர் கத்தினால் நீங்கதான் ஓடி வந்து சூட்டுக்கு வழி பண்ணணும்.”

“சரி அண்ணாச்சி. கரண்ட் போனாலும் ஓடும்” என்றார்.

நான் சொன்னதில் அவருக்குப் பிடித்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டார். வாசகர்கள் இந்தப் பத்திரிகையில் என் பத்தியைப் படிப்பது போல.

நம் ஊரில் பேட்டரி என்பது பொதுச்சொத்து. வைத்த மறுநாளே கோரிக்கைகள் வந்தன. பெரியவருக்கு ரேடியோ. செல்விக்கு அடுப்படியில் ஒரு சின்ன பல்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கு கிரிக்கெட் மேட்ச் அன்று மட்டும் டி.வி. “அதுல எம்புட்டு இழுத்துறப் போவுது?” என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வி. அத்தனை பேரையும் வென்று, மூன்றாவது அடையைக் கடைசிநாள்வரை கொண்டுவந்துவிட்டோம். அதிசயமாக அதுவரை கரண்ட் ஒருமுறைகூடப் போகவில்லை; பஸ்ஸரின் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை பொரிக்க வேண்டும். குஞ்சுகளை எடுத்துக்கொள்ள கூமாப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தத் தெம்பில்தான் திங்கட்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

வாசலில் சீரியல் பல்பு மினுமினுத்தது. கூடத்தில் சரஸ்வதி படம். முன்னால் நீளப் பலகை. அதில் ஸ்பானர், சுத்தியல், அரிவாள்மனை, கத்தரிக்கோல், செல்வியின் தையல் மிஷினிலிருந்து கழற்றிய ஊசி, குருசாமியின் மோப்பெட் சாவி... எல்லாம் பொட்டோடு. மூலையில் முட்டை மிஷின், மாலை போட்டு, மணமகன் மாதிரி.

“வாங்க அத்தான், வாக்கா. சுண்டல் எடுத்துட்டு வாரேன்” என்றாள் செல்வி.

நான் மிஷினைப் பார்த்தேன். டிஸ்ப்ளேயில் எண் இல்லை.

“ஏன் சத்தமே காணோம்?” என்று கேட்டேன்.

குருசாமி பெருமையாகச் சிரித்தார். “அதான் அண்ணாச்சி நானும் செல்விட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். பேட்டரில ஓடும்போது என்ன அமைதி பாரு. அண்ணாச்சி வேலைன்னா வேலைதான்.”

“பேட்டரியிலா? கரண்ட் இருக்கே?”

“பிளக்கைப் புடுங்கிட்டேம்லா. மிஷினைத் தொடைச்சு, பொட்டு வச்சு, தண்ணி தெளிக்கணும். ஷாக் அடிச்சுட்டா? மத்தியானம் பூஜைக்கு முன்னாடியே புடுங்கிட்டேன். பேட்டரி பாத்துக்கிடும்னு.”

குனிந்து மிஷினுக்குக் கீழே பார்த்தேன். பேட்டரி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் இருந்தது. பேட்டரி இல்லை.

“செல்வி... பேட்டரி எங்கே?”

“பூஜையில இருக்கு அத்தான்” என்றாள், சுண்டல் கிண்ணத்தோடு. “அதுவும் பாவம், ராப்பகலா உழைக்குது. இன்னைக்கு ஒருநா ஓய்வு குடுப்போம்னு நாந்தான் கழட்டி வச்சேன். மிஷின்தான் கரண்ட்ல ஓடுதே?”

பலகையின் நடுவில், ஸ்பானருக்கும் அரிவாள்மனைக்கும் இடையே, என் பன்னிரண்டு வோல்ட். இரண்டு முனையிலும் தாராளமாகச் சந்தனம். மேலே ஒரு செம்பருத்தி.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வழி வைத்தேன். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டேன். பேட்டரி இருக்கிறதென்று ஒருவர் கரண்டைப் பிடுங்கினார். கரண்ட் இருக்கிறதென்று இன்னொருவர் பேட்டரியைப் பிடுங்கினார். கத்த வேண்டிய பஸ்ஸருக்கு இரண்டும் இல்லை. அதுவும் ஆயுத பூஜை கொண்டாடியது.

குருசாமி மிஷின் கதவில் கையை வைத்துப் பார்த்தார். நல்லவேளையாக மத்தியானத்திலிருந்து யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. சூடு இறங்கியிருந்தது, முழுதாகப் போயிருக்கவில்லை. பிளக்கை எடுத்து ஓடினார்.

“ஏலே! நில்லு!”

பெரியவர். கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். “பூஜை வச்ச மிஷினை நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதாம்லே ஓட்டணும்.”

“எப்பா, உசுருப்பா உள்ள...”

“மில்லுல நூல் சுத்துத அத்தனை ஆயிரம் கதிரும் அன்னைக்கு ஒரு நாளு நிக்கும். முதலாளியே வந்து கேட்டாலும் ஓட்ட மாட்டோம். வருசம் பூரா அது நமக்கு உழைக்குது. ஒரு நாளு நாம அதுகிட்ட வேலை வாங்காம இருக்கக்கூடாதா?”

கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு மரியாதை இருந்தது. ஆனால் முட்டை காத்திருக்காதே? பூஜை முடிந்தும் ஓடிய பஸ்ஸின் வாழைக்கன்றை உதாரணம் காட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் செல்வி முன்னால் வந்துவிட்டாள்.

“மாமா, ஆயுத பூஜைன்னு பெட்டைக்கோழி அடையை விட்டு எந்திரிச்சுப் போவுமா?”

பெரியவர் அவளைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார்.

“கோழி... ஆயுதம் இல்லதான்” என்றார், கொஞ்சம் யோசித்து. “மாட்டிக்கோ.”

பிளக் மாட்டப்பட்டது. பல்புகள் எரிந்தன. டிஸ்ப்ளே விழித்தது, எண் இருக்க வேண்டியதைவிட வெகுவாகக் கீழே. ஃபேன் சுற்றியது. குருசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் சுண்டலில் கைவைத்தேன்.

கரண்ட் போனது.

போகாதா பின்னே? ஊரெல்லாம் அன்று சீரியல் பல்பு. எந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் தாங்கும்?

இப்போது சூட்டுக்கு வழி பண்ண வேண்டும். சரோஜாதான் சொன்னாள்: “சர்பத் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, துண்டு சுத்தி உள்ள வைக்கலாமுல்ல?” நல்ல யோசனை. ஆனால் எவ்வளவு சூடு? கூடினால் அவித்த முட்டை, குறைந்தால் கூமுட்டை. நடுவில் நூலிழை இடைவெளி. அதை அளந்து சொல்ல டிஸ்ப்ளே வேண்டும். சூட்டைப் பரப்ப ஃபேன் வேண்டும். இரண்டுக்கும் பேட்டரி வேண்டும். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று இருந்ததே என்று கேட்டேன். இருந்தது. பலகையில், பொட்டோடு.

பேட்டரியை எடுக்கக் குனிந்தேன்.

“தம்பி.” பெரியவரின் குரல் இந்த முறை மெதுவாக வந்தது. “கோழிக்குச் சரின்னேன். பலகைல ஏத்துனதை நாளைக்குக் காலைல தீபாராதனை காட்டித்தான் எறக்கணும். அதை மட்டும் கேக்காதிய.”

குருசாமியோ அப்பாவை மீறிப் பழக்கமில்லாத மனிதர். கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார், ஜுரக்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பேண்டேஜ் கூடத்தில் தம்பியின் நாற்காலி அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எனக்கே தெரிந்தது.

“மாமா,” என்றாள் செல்வி. “எறக்கத்தானே கூடாது? அது இருக்க எடத்துலயே இருக்கட்டும். ஒயரை அங்கன கொண்டு போயிருவோம். என்ன அத்தான், நடக்குமா?”

பொறியியல் படித்த எவனுக்கும் அந்த இடத்தில் அது தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றவில்லை.

“எறக்கலேல்லா?” என்று உறுதி செய்துகொண்டார் பெரியவர்.

“அசைக்கக்கூட மாட்டோம்.”

“அப்பச் சரி.”

ஒயருக்கு எங்கே போவது? ஊரில் கடை ஒன்றும் திறந்திருக்காது. செல்வி வாசலுக்குப் போய் சீரியல் பல்பு மாலையை ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு வந்தாள். பல்புகளைக் கழித்து நீள ஒயரை மட்டும் எடுக்க வேண்டும். குறடு? பலகையில். கத்தரிக்கோல்? பலகையில். சவர பிளேடு கேட்டேன். குருசாமி சங்கடத்தோடு பலகையைக் காட்டினார். லேப்பில் மாணவர்களிடம் ஆண்டுதோறும் “ஒயரைப் பல்லால் உரிக்காதே” என்று கத்துகிறவன் நான். பல்லால் உரித்தேன்.

பேட்டரி முனைகளில் சந்தனம் காய்ந்து கெட்டியாகிவிட்டது. அதைச் சுரண்டினால்தான் இணைப்புக் கிடைக்கும். சுரண்டலாமா? பெரியவரைப் பார்த்தேன்.

“பிரசாதந்தானே, எடுத்து நெத்தில இட்டுக்கிடுங்க” என்றார் தாராளமாக.

இட்டுக்கொண்டேன். பாசிட்டிவ் சந்தனம், நெகட்டிவ் சந்தனம் இரண்டும். நெற்றி லேசாக எரிந்தது. அன்றைய தினம் மின்சாதனங்களை நான் வழிபட்டதில் இதைவிடப் பக்தி எதிர்பார்க்க முடியாது.

சரஸ்வதியின் பாதத்திலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பின. தாம்பாளத்தைச் சுற்றி, பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால் போய், மிஷினுக்குள் நுழைந்தன. கையால் முறுக்கி இணைத்தேன். டிஸ்ப்ளே எரிந்தது. ஃபேன் சுற்றியது. கூடவே பஸ்ஸர், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்தியது.

“அதென்ன சத்தம்?” என்றார் பெரியவர்.

“குளுருதுன்னு அழுவுது மாமா” என்றாள் செல்வி, வெந்நீர்ப் பாட்டில்களோடு ஓடியபடி.

பிறகு நடந்தது ஒரு தொழிற்சாலை. சரோஜா அடுப்பில். செல்வி பாட்டில் சுமந்தாள். நான் எண்ணைப் படித்தேன். குருசாமி பாட்டிலைத் தள்ளி வைத்தார், கிட்டே வைத்தார். “கூடுது... எடுங்க ஒண்ணை.” “குறையுது... வைங்க.” நான் எழுதிய புரோகிராம் வினாடிக்குள் முடிக்கிற வேலையை நாங்கள் நான்கு பேர் வியர்வை சொட்டச் செய்தோம். பெரியவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன்: பின்னால் போன ஒயரில் யாரும் தடுக்கி விழுந்துவிடாமல் காலை நீட்டி அணை கட்டியிருந்தார். வருகிறவர்களை எல்லாம் “ஒயரு, ஒயரு, பாத்து வாட்டி” என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

கரண்ட் வந்தது. வந்தவுடன் நிம்மதியாகிவிட்டதா? இல்லை. சூடு திரும்பிவிட்டது, உயிர் திரும்பியதா என்று எந்த டிஸ்ப்ளேயும் சொல்லாது. அதற்கு இன்னும் சிப் கண்டுபிடிக்கவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டோம்.

பேட்டரி பற்றி நான் இவ்வளவு நாள் கற்றதை ஒரு வரியில் சொல்கிறேன், வாசகர்களே: வோல்டேஜைக் கணக்குப் போடுவது சுலபம், வீட்டுக்காரர்களைக் கணக்குப் போடுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை. பெரியவர் எழுந்ததும் முதலில் கொல்லைக்குப் போய் வேப்பங்குச்சி ஒடிக்கிறவர். அன்று போகவில்லை. நேராக மிஷின் முன்னால் வந்து, மாலையை விலக்கி, கதவில் காதை வைத்தார். நானும் குருசாமியும் பாயில் எழுந்து உட்கார்ந்தோம்.

“என்னப்பா?” என்றார் குருசாமி.

“சும்மா இருலே.” கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “உள்ள ஆரோ கதவத் தட்டுதாவ.”

பிறகு நிமிர்ந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, மகனைப் பார்க்காமலேயே சொன்னார்: “உன் தம்பிட்ட சொல்லிரு. பேண்டேஜ் கூடத்துக்கு வேற ஆளு பாத்துக்கிடச் சொல்லு.”

அதற்கப்புறம்தான் வேப்பங்குச்சி ஒடிக்கப் போனார்.